தம்புள்ளை வானிலே ஒரு காலைப் பொழுது

இராகலையில் வாழ்பவர்களுக்கு மேகத்துக்கு மேலே நிற்பது புதுமையன்று. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் வீதியில், கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடிக்கு மேல் அமைந்திருப்பது எமது ஊர். தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் எழுந்து வெளியே வந்தால், கீழே வலப்பனைப் பள்ளத்தாக்கு முழுவதும் வெண்பஞ்சு பரப்பியது போல மூடுபனி கிடக்கும். தேயிலை மலைகளின் முகடுகள் மட்டும் கடலிடைத் தீவுகள் போலத் தலை நீட்டி நிற்கும். கிழக்கே ஊவா மலைகளுக்கு அப்பாலிருந்து கதிரவன் எழும்போது அந்தப் பனிக்கடல் பொன்னிறம் பெறும் அழகைச் சொல்லில் வடிப்பது எளிதன்று.

இத்தகைய ஊரிலே பிறந்தவர்கள், சூரியோதயத்தைக் காண்பதற்கென்றே பணம் செலவிட்டு, மலையை விட்டிறங்கி, வெப்பம் மிகுந்த தம்புள்ளைக்குச் செல்வது வேடிக்கை அன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால், இராகலையில் சூரியன் உதிக்கும் நேரம் எம் மக்கள் அதனை நின்று நோக்கும் நேரமன்று. அது பிரட்டுக் களத்துக்கு விரையும் நேரம். தொட்டிற் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைக்கும் நேரம். ரொட்டியும் சாயத் தண்ணீரும் முடித்துக் கூடையைத் தலையில் மாட்டும் நேரம். கண்முன்னே எழுகின்ற ஞாயிற்றைக் கைகட்டி நின்று பார்க்கும் ஓய்வு ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையேனும் கிடைக்க வேண்டுமல்லவா?

அத்தகைய ஓய்வு எங்கள் பெரியம்மாவுக்குக் கிடைத்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில், தம்புள்ளையை அடுத்த கண்டலமையில், வெப்பக் காற்றுப் பலூனில் ஏறி நாங்கள் நால்வர் வானில் உலாவி வந்தோம். அந்தப் பிரயாணத்தின் வரலாறே இது.

கட்டணமும் கணக்கும்

பெரியம்மா நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் மத்திய கிழக்கு நாடொன்றில் ஹோட்டல் ஊழியராக இருக்கிறார். தாயாரை ஒரு தடவையாவது ஆகாயத்தில் பறக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. விமானத்தில் அழைத்துச் செல்ல வசதிப்படவில்லை. ஆகவே பலூன் சவாரிக்குரிய பணத்தைச் சேமித்து அனுப்பி, “அம்மாவோடு நீங்களும் போக வேண்டும்” என்று எங்களுக்கும் எழுதியிருந்தார். பெரியம்மாவின் மகள் வழிப் பேரன், பத்தாம் வகுப்பில் படிப்பவன், தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

கட்டணம் எவ்வளவு என்று கேட்ட மாத்திரத்தில் பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. உல்லாசப் பிரயாணிகளை எண்ணி வகுக்கப்பட்ட கட்டணம் அது. ஒருவர் ஒரு மணி நேரம் பறப்பதற்கு ஆகும் தொகை, தோட்டத் தொழிலாளி ஒருவர் மாதம் முழுவதும் மலையேறிப் பெறும் சம்பளத்தையும் விஞ்சியது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்தது 2021ஆம் ஆண்டில். 1,350 ரூபாவாக உயர்ந்தது 2024ஆம் ஆண்டில். இவ்வுயர்வுகளுக்காக எத்தனை கூட்டங்கள், எத்தனை போராட்டங்கள் நடந்தன என்பதை மலையகத்தார் அறிவர்.

“ஏம்பா, ஒரு மணி நேரம் அந்தரத்துல தொங்குறதுக்கு ஒரு மாசக் கொழுந்தா?” என்றார் பெரியம்மா. “அந்தப் பணத்த இந்தப் பய படிப்புக்குப் போடுங்க. நான் வரல்ல.”

நாங்கள் வற்புறுத்தவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. சிறிது நேரம் கழித்து, “அது எந்த ஊருல இருக்குன்னு சொன்னீங்க?” என்று கேட்டார்.

“தம்புள்ளையில், பெரியம்மா.”

அவர் மறுமொழி கூறவில்லை. அடுப்பிலே விறகைத் தள்ளிவிட்டு நெடுநேரம் நெருப்பைப் பார்த்தபடி இருந்தார். பின்னர், “சரி, நான் வாறேன்” என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே இருந்தது என்ன என்பதை வாசகர்கள் விளங்கிக்கொள்ள வேண்டுமானால், தம்புள்ளை வழியே செல்லும் பாதையின் பழைய கதையைச் சற்றே கூறியாக வேண்டும்.

நடந்து வந்த பாதை

19ஆம் நூற்றாண்டின் இருபதுகளில் கம்பளைப் பகுதியிலே கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. அதற்கென்று தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் திரள் திரளாக அழைத்து வரப்பட்டனர். இன்றைய பிரயாணிகள் ஒரு பகற்பொழுதில் கடக்கும் தூரத்தை அவர்கள் பல நாட்கள் கால்நடையாகக் கடந்தனர். மன்னார்க் கரையில் தோணியை விட்டிறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறினர். வழியெல்லாம் அடர்ந்த காடு. குடிதண்ணீர் அரிது. காய்ச்சலும் பேதியும் கூட்டங் கூட்டமாக உயிரைக் குடித்தன. நோயுற்றவர்களுக்காகக் காத்திருக்க இயலாமல் மற்றவர்கள் நடையைத் தொடர்ந்தனர். பிற்காலத்திலேதான் வழியில் ஓய்வு மடங்களும் கிணறுகளும் மருந்துச் சாலைகளும் ஏற்பட்டன.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல். அதே ஆண்டில் லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது 1885இல். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை வந்த குறுகிய இருப்புப் பாதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. அது 1940களின் முடிவுக்குள் கைவிடப்பட்டது. தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1914இல். அதன் பின்னர் வந்தவர்கள் வண்டியில் வந்தனர். முன்னர் வந்தவர்களோ நடந்தே வந்தனர்.

2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நடைபெற்றது. முன்னோர் வந்த பாதையிலே மீண்டும் மக்கள் நடந்தார்கள். கால்வலி காரணமாகப் பெரியம்மாவால் அதிலே கலந்துகொள்ள முடியவில்லை. அந்தக் குறை அவர் மனத்தில் ஆறாமலே இருந்தது.

ஏனெனில், அவருடைய அப்பாயியின் தாயார் திருச்சிச் சீமையிலிருந்து எட்டு ஒன்பது வயதுச் சிறுமியாக இப்பாதையில் நடந்து வந்தவராம். இடுப்பிலே இரண்டு வயதுத் தம்பி. வழியில் அந்தக் குழந்தைக்குப் பேதி கண்டது. ஒரு மரத்தடியில் அவன் உயிர் பிரிந்தது. குழி தோண்டிப் புதைக்கவும் நேரமில்லாமல், இலை தழைகளால் மூடிவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. அந்த இடம் எது? பெயர் தெரியாது. “தம்புள்ளைக் கல்லு தெரியிற எடம்” என்ற ஒரேயொரு அடையாளத்தைத் தாய் மகளுக்குச் சொல்ல, அவர் தம் பேத்திக்குச் சொன்னார். அந்தப் பேத்திதான் எங்கள் பெரியம்மா.

மலையிறக்கம்

இராகலையில் பொழுது புலரும் முன் புறப்பட்டு, நுவரெலியா, லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை, கம்பளை, கண்டி என்று இறங்கினோம். இறம்பொடையில் நீர்வீழ்ச்சிகள் வெள்ளிக் கம்பிகளாய்த் தொங்கின. வளைவுக்கு வளைவு குளிர் குறைந்தது. கண்டிக்கு வந்தபோது கம்பளிச் சட்டைகள் பைக்குள் போய்விட்டன.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கி வழிபட்டோம். மாசிமகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் பவனி வரும் பெருங்கோயில் அது. காட்டு வழி நடந்து வந்தவர்கள், உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி கூறி வணங்கிய இடம் என்று மலையகத்தார் சொல்வதுண்டு. பெரியம்மா அங்கே கற்பூரமும் ஒரு சிறு பொதி விபூதியும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை.

தம்புள்ளையை நெருங்கியபோது பேரன் கைதட்டினான். எங்களுக்கு முன்னே சென்ற லொறியில், இராகலைப் பக்கத்துக் கரட்டும் லீக்ஸும் சாக்குச் சாக்காய் ஏற்றப்பட்டிருந்தன! 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு எமது மலையின் மரக்கறிகளும் வருகின்றன; அங்கிருந்து நாட்டின் பல திசைகளுக்கும் பிரிகின்றன. அன்று மனிதர் ஏறிய பாதையில் இன்று மரக்கறி இறங்குகின்றது.

முதல் நாட் காலை நாங்கள் ஏமாற்றமடைந்தோம். நான்கு மணிக்கு எழுந்து மைதானத்துக்குச் சென்றால், பலூனோட்டி ஒரு சிறு பலூனை இருளில் பறக்கவிட்டு, அது போகும் திசையையும் வேகத்தையும் உற்று நோக்கினார். பிறகு தலையை அசைத்தார். மேலே காற்றின் வேகம் அதிகம். இன்று பறப்பதில்லை என்று முடிவாயிற்று. உடன் வந்திருந்த வெளிநாட்டார் சிலர் முணுமுணுத்தனர். பெரியம்மாவோ, “காத்து வேணாமுன்னா வேணாந்தான். நாளைக்கு வருவோம்” என்று நிதானமாகக் கூறினார். மழையையும் வெயிலையும் பார்த்தே நாற்பது ஆண்டுகள் வேலை செய்தவருக்கு இயற்கையின் சொல்லை ஏற்பது கடினமாக இல்லை.

பலூன் பறப்பது எப்படி?

மறுநாட் காலை காற்று அடங்கியிருந்தது. பறக்குமுன் நடந்த ஆயத்தங்களைக் காண்பதே ஒரு தனி இன்பம். நைலோன் துணியாலான பிரமாண்டமான உறை புல்வெளியில் நீளமாக விரிக்கப்பட்டது. பிரம்பினால் முடைந்த பெரிய கூடை பக்கவாட்டில் சாய்க்கப்பட்டு, உறையோடு இணைக்கப்பட்டது. முதலில் விசிறி இயந்திரத்தால் உறைக்குள் சாதாரணக் காற்றை நிரப்பினர். பின்னர் வாயுச் சுடரைக் கொளுத்தியதும், இடி உறுமுவது போன்ற ஓசையுடன் பல முழ நீளத்துக்குத் தீ நாக்கு எழுந்தது. உள்ளே காற்றுச் சூடேறச் சூடேற, படுத்திருந்த உறை மெல்ல மெல்ல நிமிர்ந்து, கூடையையும் நிமிர்த்திக்கொண்டு எழுந்து நின்றது.

வல்வெட்டித்துறை இந்திர விழாவில் கடதாசிப் புகைக்குண்டுகளை வானில் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே விளங்கும். சூடான காற்று இலேசானது. இலேசானது மேலே செல்லும். தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டுவதற்கு மேல் மாடிகளை அமைத்தவர்களும் வெப்பக் காற்றின் போக்கை அறிந்தவர்களே. கணக்காகச் சொல்வதானால், ஒரு கன மீற்றர் சாதாரணக் காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிலோகிராம். அதனை 100 பாகை வரை சூடாக்கினால், அதே அளவு காற்றின் நிறை 0.95 கிலோகிராம் அளவுக்குக் குறையும். ஒரு கன மீற்றருக்குக் கால் கிலோ இலாபம்! 5,000 கன மீற்றர் கொள்ளும் பலூனானால், ஏறத்தாழ 1,200 கிலோகிராம் பாரத்தைத் தூக்கலாம். உறை, கூடை, வாயுச் சிலிண்டர்கள், மனிதர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அதிகாலையில் மட்டும் பறப்பதற்கும் காரணம் உண்டு. வெளிக்காற்றுக் குளிர்ந்திருந்தால் உள்ளிருக்கும் வெப்பக் காற்றின் ஆற்றல் கூடும். மேலும், வெயில் ஏறியபின் நிலம் சூடாகி, ஆங்காங்கே காற்று குமுறி எழும். அது பலூனுக்கு ஆபத்து. ஆதலின் சூரியன் நிலத்தைச் சுடுவதற்கு முன் வேலையை முடித்துவிடுகிறார்கள்.

இக்கலையின் வயது இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல். பிரான்ஸ் நாட்டின் மொன்கோல்பியர் சகோதரர்கள் 1783 ஜூன் 4ஆம் நாள் அனோனே நகரில் மக்கள் முன்னிலையில் வெறும் பலூனைப் பறக்கவிட்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில், வெர்சாய் அரண்மனையில் மன்னர் காண, ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் ஆகாயப் பிரயாணம் செய்தன. நவம்பர் 21ஆம் நாள் பாரிஸ் நகருக்கு மேலாக இரண்டு மனிதர் ஏறக்குறைய 25 நிமிட நேரம் பறந்தனர். கல்கத்தாவில் 1889இல் இராமச்சந்திர சட்டர்ஜி என்னும் வங்காளி பலூனில் ஏறிப் புகழ் பெற்றார். எரிவாயுச் சுடரை மேலே வைத்துச் செல்லும் இன்றைய முறை, அமெரிக்கரான எட் யோஸ்ட் 1960இல் செய்து காட்டியது. தமிழ்நாட்டிலும் 2015 முதல், பொங்கலையொட்டிப் பொள்ளாச்சியில் பலூன் திருவிழா நடந்து வந்திருக்கிறது.

கூடை தூக்கியது

கூடையில் ஏறுவதற்குக் கதவு கிடையாது. பக்கச் சுவரில் கால் வைப்பதற்கான துளைகள் உண்டு. அவற்றில் மிதித்து ஏறி உள்ளே இறங்க வேண்டும். பெரியம்மாவால் இது முடியுமா என்று நாங்கள் தயங்கினோம். அவரோ பிரம்புக் கூடையைச் சுற்றிப் பார்த்தார். பின்னலைத் தடவிப் பார்த்தார்.

“நாப்பது வருசம் நான் கூடையத் தூக்குனேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு கூடை என்னையத் தூக்கட்டும்!” என்று கூறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செங்குத்தான மலையில் ஏறிப் பழகிய கால்களால் எவர் துணையுமின்றி ஏறிவிட்டார். இதனைக் கேட்டுப் பேரன் சிரித்த சிரிப்பின் பொருளை அறியாத வெளிநாட்டாரும் உடன் சிரித்தனர்.

பலூனோட்டி, தரையிறங்கும்போது எவ்வாறு முழங்காலை மடக்கிக் கயிற்றுப் பிடிகளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தடவைக்கு இரு தடவை செய்து காட்டினார். பின் சுடரை நீள எரித்தார். நாங்கள் எழுந்த கணம் எது என்பதே தெரியவில்லை. குலுக்கல் இல்லை, ஆட்டம் இல்லை. நிலம்தான் எங்களை விட்டுக் கீழே இறங்கிப் போவது போலத் தோன்றியது. மைதானத்தில் நின்றவர்கள் சிறுத்தார்கள். மரங்களின் உச்சிகள் கீழே சென்றன. சுடரை நிறுத்தியதும் எல்லையற்ற அமைதி எங்களைச் சூழ்ந்தது. எங்கோ ஒரு நாய் குரைப்பதும் சேவல் கூவுவதும் அவ்வளவு உயரத்திலும் தெளிவாகக் கேட்டன. காற்றோடு காற்றாய்ச் செல்வதால் காற்று வீசுவதே தெரிவதில்லை, தலைமுடிகூட அசையவில்லை.

ஆறு மணி கடந்து சில நிமிடங்களில், கிழக்கே செம்மை படர்ந்து, கதிரவனின் விளிம்பு எழுந்தது. கண்டலமைக் குளம் ஒரு பெரிய செப்புத் தட்டாக மாறியது. எங்கள் பலூனின் நிழல், ஒரு கரிய முத்தைப் போல, காட்டின் மேல் எங்களுக்கு முன்னே ஓடியது. தாமரைக் கொடிகள் படர்ந்த கரையோரத்திலிருந்து வெண்பறவைகள் கூட்டமாக எழுந்தன. தென்கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நீல மதிலாக நின்றது. வடகிழக்கே காட்டின் நடுவே தனித்து எழுந்த சிகிரியாக் குன்று தென்பட்டது. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அரண்மனை அமைத்து வாழ்ந்த அக்குன்று, சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஏறக்குறைய 200 மீற்றர் உயரமானது. நிமிர்ந்து பார்த்தவர்களை மலைக்க வைக்கும் அந்தப் பாறை, எங்கள் கண்ணுக்குக் கோலமிட வைத்த சாணிப் பிள்ளையார் அளவிலே தெரிந்தது.

பலூனுக்குச் சுக்கான் கிடையாது. வெவ்வேறு உயரங்களில் காற்று வெவ்வேறு திசைகளில் வீசும். எந்தத் திசை வேண்டுமோ அந்தக் காற்று வீசும் உயரத்துக்கு ஏறியோ இறங்கியோ செல்வதே பலூனோட்டியின் சாமர்த்தியம். எங்கள் பலூனோட்டி ஒரு முறை மர உச்சிகளைத் தொடுமளவுக்கு இறங்கினார். சேனைப் பயிருக்குக் காவலிருந்த ஒரு கமக்காரர் தமது பரணிலிருந்தபடியே கையசைத்தார். பின்னர் சுடர் முழங்கியது. பலூன் உயர உயரச் சென்றது.

கல்லுத் தெரியும் இடம்

அப்பொழுதுதான் மேற்கே, விடியலின் ஒளியில், தம்புள்ளைக் குன்று தெரிந்தது. குகைக் கோயில்களைத் தன்னுள்ளே கொண்ட அந்தப் பெரும் பாறை, படுத்திருக்கும் யானையைப் போல நிலத்தின் மீது கிடந்தது. அதன் அருகே வடக்கும் தெற்குமாக ஒரு மெல்லிய கோடு. அதிலே விளக்கணைக்காத லொறிகள் மின்மினிகளாய் ஊர்ந்தன.

“ராசா, அந்தக் கோடு என்னா?” என்று பேரனைக் கேட்டார் பெரியம்மா.

“அதுதான் அம்மாயி, மாத்தளை ரோட்டு. யாழ்ப்பாணத்துக்குப் போற பாதை.”

பெரியம்மா கூடையின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். அவருடைய கண்கள் பாறையிலிருந்து பாதைக்கும், பாதையிலிருந்து காட்டுக்கும் மாறி மாறிச் சென்றன. எதைத் தேடுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். “கல்லுத் தெரியும் இடம்” என்பது ஓர் இடத்தின் அடையாளம் என்றே அவருடைய குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக எண்ணியிருந்தனர். மேலிருந்து நோக்கியபோதோ, அந்தக் கல் தெரியாத இடமே அங்கு இருப்பதாகத் தோன்றவில்லை. வயல், காடு, குளக்கரை, பாதையின் நெடுகிலும், எங்கு நின்றாலும் அது தெரியும். அந்தச் சிறுவன் கிடக்கும் இடம் ஒன்றாகவும் இருக்கலாம், ஓராயிரமாகவும் இருக்கலாம்.

பெரியம்மா அழவில்லை. நெடுநேரத்தின் பின், “அவன் ஒருத்தனா கெடந்தான்? வழி பூராவும் கெடந்திருப்பாங்க. எல்லாம் நம்ம புள்ளைகதான்” என்றார்.

அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை. அருகே நின்ற வெளிநாட்டு மாது ஒருவர், மொழி தெரியாவிடினும், தமது புகைப்படக் கருவியைத் தாழ்த்திக்கொண்டார்.

தரையிலே

ஒரு மணி நேரம் எப்படிக் கழிந்தது என்பதே தெரியவில்லை. அறுவடை முடிந்த ஒரு வயலை நோக்கிப் பலூனோட்டி மெல்ல இறக்கினார். உச்சியிலுள்ள துவாரத்தைக் கயிற்றால் இழுத்துத் திறந்ததும், வெப்பக் காற்று வெளியேறப் பலூன் தாழ்ந்தது. முழங்காலை மடக்கிக்கொண்டோம். கூடை நிலத்தைத் தொட்டு, ஒரு முறை துள்ளி, சிறிது தூரம் இழுபட்டு நின்றது. எங்களைப் பின்தொடர்ந்து வீதி வழியே வந்த வண்டி அதற்குள் வரப்போரத்தில் வந்துவிட்டது. கிராமத்துப் பிள்ளைகள் ஓடிவந்து உறையைச் சுருட்ட உதவினர்.

அருகேயிருந்த வீட்டிலிருந்து ஒரு சிங்கள அம்மையார் செம்பிலே தண்ணீர் கொண்டுவந்தார். எந்த ஊர் என்று கேட்டார். பெரியம்மா தமக்குத் தெரிந்த சிங்களத்தில், நுவரெலியாப் பக்கம், இராகலை, தேயிலைத் தோட்டம் என்று கூறினார். பிறகு, எங்கள் பழைய ஆட்கள் இந்தப் பாதையால்தான் நடந்து வந்தார்கள், இங்கே ஒரு குழந்தையை விட்டுச் சென்றார்கள் என்றும் கூறினார். அந்த அம்மையார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று, முற்றத்துச் செடியிலிருந்து ஒரு கை அரலிப் பூவைப் பறித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில், பெருவீதியின் ஓரத்தில், குன்று நன்றாகத் தெரியும் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார் பெரியம்மா. மாத்தளையில் வாங்கி முடிந்திருந்த கற்பூரம் அங்கே எரிந்தது. விபூதியை மரத்தின் வேரிலே தூவி, பூவை வைத்து, பேரனையும் கும்பிடச் செய்தார். லொறிகள் எங்களைக் கடந்து சென்றுகொண்டேயிருந்தன. கட்டணத்தைப் பற்றி அதன்பின் அவர் ஒரு வார்த்தையும் கூறவில்லை.

செல்ல விரும்புவோருக்கு

தம்புள்ளை, கண்டலமை, சிகிரியாப் பகுதிகளில் நவம்பர் தொடக்கம் ஏப்ரில் வரையே பலூன் பறப்பதற்கு உகந்த காலம். காற்றும் மழையும் இடங்கொடுத்தால் மட்டுமே பறப்பர். ஆகவே ஒரு நாளை நம்பிச் செல்லாமல், இரண்டு காலைப் பொழுதுகளையாவது கையில் வைத்துக்கொள்ளுதல் நலம். கருவுற்ற பெண்களும், அண்மையில் சத்திர சிகிச்சை பெற்றவர்களும், முழங்கால், முதுகு நோயுள்ளவர்களும் இதனைத் தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. பருத்தி ஆடையும், கட்டிக்கொள்ளும் சப்பாத்தும் ஏற்றவை. சுடர் தலைக்கு மேலே எரிவதால் ஒரு தொப்பி இருப்பது நன்று.

உலகில் பலூன் விபத்துகள் நிகழாமலில்லை. 2013 பெப்ரவரியில் எகிப்தின் லக்சோர் நகரில் நேர்ந்த விபத்தில் 19 பேர் உயிரிழந்தனர். எனவே, காற்றைச் சோதித்து, இன்று பறப்பதில்லை என்று சொல்லத் துணிந்த பலூனோட்டியைக் குறை கூறாதீர்கள், அவரையே நம்புங்கள்.

கட்டணம் எட்டாதவர்கள் மனம் சோர வேண்டியதில்லை. தம்புள்ளைக் குன்றிலிருந்தோ, சிகிரியாவுக்கு அடுத்துள்ள பிதுரங்கலைக் குன்றிலிருந்தோ காலை வெயிலில் இதே நிலப்பரப்பைக் காணலாம். அதற்கு வேண்டியது பஸ் கட்டணமும், நுழைவுக்குரிய சிறு தொகையும், நல்ல கால்களுமே.

மலையகத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்குக் கண்டிக்கும் கொழும்புக்கும் கடற்கரைக்கும் செல்கிறோம். ஒரு முறை மாத்தளைக்கு வடக்கேயும் செல்லுங்கள். வீட்டிலுள்ள முதியவர்களை முன் ஆசனத்தில் இருத்தி, அவர்களுக்குத் தெரிந்த பழங்கதைகளை அந்தப் பாதையிலேயே சொல்லச் செய்து, பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். கதை தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். பாதை இன்னும் இருக்கிறது.